ஐந்தாம் நம்பர் மெஷின்

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, எரியோட்டிலிருந்து தினமும் காலை பஸ்ஸில் திண்டுக்கல்லுக்கு டைப்ரைட்டிங் படிக்கப் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் அப்படிப் போன முதல் பெண் நான்தான். அதனால் நான் எத்தனை மணிக்கு பஸ் ஏறினேன், என்ன கலர் தாவணி, யார் பக்கத்தில் உட்கார்ந்தேன் என்பதெல்லாம் எனக்கு முன்னாலேயே வீட்டுக்குத் தெரிந்துவிடும்.

அப்பா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார். ஒரு பரீட்சை. பாஸானால் வேலைக்குப் போகலாம். இல்லையென்றால் பேசாமல் வீட்டில் இருந்து பூக்கட்ட வேண்டியது. எங்கள் தோட்டத்தில் மல்லியும் கனகாம்பரமும் போட்டிருந்தோம். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து பூக்கட்டிய கை என்னுடையது. பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் டைப்பிஸ்ட் தேவை, டைப்ரைட்டிங் லோயர் பரீட்சை பாஸ் செய்த சர்டிபிகேட்டோடு வந்தால் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த ஆபீஸ் நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பது போல நினைத்துப் பார்த்தே பாதி நாள் ஓடும்.

எங்கள் இன்ஸ்டிடியூட் கடைத்தெருவில் ஒரு பூட்டுக் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. கீழே அரம் போட்டு ராவும் சத்தம், மேலே நாங்கள் தட்டும் சத்தம். மொத்தம் ஆறு மெஷின்கள். எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே கறுப்பு. முதுகில் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதிய நம்பரை வைத்துத்தான் அடையாளம். ஆனால் எங்களுக்கு அவை ஆறும் ஆறு மனிதர்கள். இரண்டாம் நம்பர் தங்கம். தொட்டால் போதும், எழுத்து விழும். நான்காம் நம்பருக்குக் கொஞ்சம் கோபம் வரும். ஐந்தாம் நம்பர் சனியன். அதில் 'ஏ' என்ற எழுத்தை அடித்தால் அது எழுந்து போய்க் காகிதத்தில் பட்டுவிட்டுத் திரும்பி வராது. மாமியார் வீட்டுக்குப் போன புது மாப்பிள்ளை மாதிரி அங்கேயே நின்றுகொண்டிருக்கும். விரலை விட்டு இழுத்துவிட வேண்டும். மதுரையிலிருந்து மெக்கானிக் இரண்டு தடவை வந்து பார்த்தார். அவர் பஸ் ஏறியதும் மறுபடி பழைய குருடி கதவைத் திறடிதான்.

பரீட்சை நெருங்க நெருங்க எங்களுக்கு மெஷின் மீதே பயமும் பக்தியும் வந்துவிட்டது. ஒரு பையன் தினமும் மெஷினுக்கு விபூதி பூசிவிட்டுத்தான் உட்காருவான். கிறிஸ்தவப் பெண் ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டு முதல் எழுத்தைத் தொடுவாள். கையால் எழுதுகிற பரீட்சை என்றால், முக்கால்வாசி எழுதியிருந்தாலும் வாத்தியார் பார்த்து நாலு மார்க் போட்டுவிடுவார். மெஷின் எப்படிப் போடும்? ஒரு எழுத்து தவறினால் தவறியதுதான். "மெஷின வெச்சுப் பரீட்சை வைக்கிறதே அநியாயம்" என்று நான்தான் அதிகம் புலம்புவேன்.

அங்கே எங்களோடு ஒரு அண்ணன் படித்தார். வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் வேலை. முப்பது வயதிருக்கும். ஷிப்ட் முடித்து, தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்க, சைக்கிளிலேயே வந்துவிடுவார். அடிக்கடி இருமுவார். ஏற்கெனவே இரண்டு தடவை பரீட்சை எழுதித் தவறியவர். அவர் மட்டும்தான் மெஷினைத் திட்டமாட்டார். ஒரு நாள் என் புலம்பலைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எனக்கு இதான் தங்கச்சி புடிச்சிருக்கு. மெஷினுக்கு ஆளு தெரியாது. மேஸ்திரிக்குச் சொந்தக்காரன் யாரு, மேல உள்ளவனுக்கு வேண்டியவன் யாருன்னு அது பாக்காது. அடிச்சா எழுத்து விழும். அம்புட்டுத்தான்."

இந்தப் பரீட்சையில் ஒரு வழக்கம் உண்டு. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். பரீட்சை நடக்கும் பள்ளிக்கூடத்தில் மெஷின் இருக்காது. நாம்தான் கொண்டுபோக வேண்டும். முந்தின நாள் சாயந்திரமே அவரவர் மெஷினை அவரவர் வீட்டுப் பழந்துணியில் சுற்றி, கயிறு போட்டுக் கட்டி, பரீட்சை நம்பர் எழுதிய அட்டையைத் தொங்கவிட வேண்டும். மறுநாள் காலையில் மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி எல்லா மெஷின்களையும் ஏற்றுவார்கள். நாங்கள் வண்டிக்குப் பின்னால் நடப்போம்.

யாருக்கு எந்த மெஷின் என்பதை எங்கள் இன்ஸ்டிடியூட் சார் குலுக்கல் போட்டு முடிவு செய்தார். யாருக்கும் மனத்தாங்கல் வரக்கூடாதாம். ஒரு பவுடர் டப்பாவுக்குள் ஆறு சீட்டு. மில் அண்ணனுக்கு இரண்டாம் நம்பர் வந்தது. எனக்கு ஐந்து.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் நான் சாப்பிடவில்லை. என்னடி என்று அம்மா கேட்டதற்கு வயிற்றுவலி என்றேன்.

பரீட்சை அன்று முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டேன். சார் கதவைத் திறந்துவிட்டு, வண்டிக்காரரைக் கூட்டிவரத் தெருமுனைக்குப் போனார். மாடியில் நான் மட்டும். தரையில் ஆறு மூட்டைகள் வரிசையாக இருந்தன. என் அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையில் சுற்றிய ஐந்தாம் நம்பர். அதற்கு இரண்டு தள்ளி, வெள்ளை வேட்டியில் சுற்றிய அந்த அண்ணனின் இரண்டாம் நம்பர்.

திட்டம் போட்டுச் செய்தேன் என்று சொல்லமுடியாது. செய்யவில்லை என்றும் சொல்லமுடியாது. என் சேலையை அவிழ்த்தேன். அவருடைய வேட்டியை அவிழ்க்கப் போனால் முடிச்சு பிடிபடவில்லை. மில் நூலை முறுக்கிக் கயிறாக்கிக் கட்டியிருந்தார். முடிச்சு கடுகு அளவுக்குச் சின்னதாக இருந்தது. மில்லில் அறுந்த நூலைப் பிணைப்பவர்கள் போடும் முடிச்சு அது. கொண்டை ஊசியை விட்டு நெம்பி ஒருவழியாக அவிழ்த்தேன். இரண்டாம் நம்பரைச் சேலைக்கும், ஐந்தாம் நம்பரை வேட்டிக்கும் மாற்றிச் சுற்றினேன். தூக்கித் தூக்கி வைத்ததில் மூச்சு வாங்கியது. அவர் கயிற்றை எடுத்து என் கைக்குத் தெரிந்த முடிச்சைப் போட்டு இறுக்கினேன். அட்டைகளையும் பழையபடி மாட்டிவிட்டு, கீழே போய்ப் பூட்டுக் கடை வாசலில் ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி நின்றுகொண்டேன்.

வண்டி கிளம்பியது. மேடுபள்ளம் வரும் இடத்திலெல்லாம் அந்த அண்ணன் ஓடிப்போய் வேட்டி மூட்டையைக் கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டார். குழந்தையைப் பிடிப்பது போலத்தான் பிடித்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

பள்ளிக்கூடத்தில் நம்பர் பார்த்து மூட்டைகளை மேஜையில் வைத்தார்கள். சாரை உள்ளே விடவில்லை. என் இடத்துக்கு அடுத்த வரிசையில், எனக்குக் கொஞ்சம் முன்னால் அந்த அண்ணன். மெஷினைச் சரிபார்த்துக்கொள்ளச் செத்த நேரம் கொடுத்தார்கள். அவர் கயிற்றில் கை வைத்தார். கை அப்படியே நின்றது. கட்டைவிரலால் முடிச்சைத் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாக அவிழ்த்து, வேட்டியை விலக்கி, மெஷினின் முதுகை எட்டிப் பார்த்தார். திரும்பினார்.

நான் உத்தரத்தைப் பார்த்தேன். என் காது இரண்டும் கொதித்தன. இப்போது கை தூக்குவார், சூப்பர்வைசர் வருவார், என்னை வெளியே அனுப்புவார்கள், நாளைக் காலை பஸ்ஸிலேயே செய்தி எரியோட்டுக்குப் போய்விடும் என்று நினைத்தேன். அவர் கை தூக்கவில்லை. திரும்பிக்கொண்டு காகிதத்தை மெஷினில் மாட்டினார்.

ஸ்பீடு பேப்பர் பத்து நிமிஷம். மணி அடித்ததும் ஹால் முழுக்க மழை பிடித்தது போலச் சத்தம். அந்தச் சத்தத்துக்குள் அவர் மெஷினை மட்டும் என்னால் தனியாகக் கேட்க முடிந்தது. தட்தட்தட் என்று போகும், நிற்கும். விரலை விட்டு எழுத்தை இழுத்துவிடுகிறார். மறுபடி தட்தட். நிற்கும். இங்கிலீஷில் 'ஏ' இல்லாத வரி எங்கே இருக்கிறது? நான் மனசு ஒடிந்து தப்புத்தப்பாக அடித்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. உண்மை அதுவல்ல. அன்றைக்கு அடித்தது போல நான் வாழ்நாளில் அடித்ததில்லை. இரண்டாம் நம்பர் என் விரலுக்குக் கீழே வெண்ணெயாக ஓடியது.

வெளியே வந்ததும் அவர் வேப்பமரத்தடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் குனிந்துகொண்டு தாண்டப் பார்த்தேன்.

"நல்லா அடிச்சியா தங்கச்சி?"

"ம்."

"சரி. பாத்து பஸ் ஏறிப் போ. எனக்கு ஷிப்டுக்கு நேரமாச்சு, வாரேன்."

அவ்வளவுதான். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை போலிருக்கிறது என்று என் மனசே எனக்குப் பொய் சொல்லிக் கொடுத்தது. நானும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

சில வாரங்களில் முடிவு வந்தது. நான் முதல் வகுப்பு. சார் எல்லோருக்கும் கற்கண்டு கொடுத்தார். மில் அண்ணன் அன்றைக்கு வரவில்லை. அவர் தவறியிருந்தார். சார் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு சொன்னார்: "நல்ல ஸ்பீடு வெச்சிருந்தான்மா. என்ன ஆச்சுன்னே தெரியல. பாவம், பஞ்சுத் தூசி நெஞ்சுல சேந்துருச்சு, மில்லுக்குள்ள நிக்காதன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மில் ஆபீசுல டைப்பிஸ்ட் எடம் ஒண்ணு காலியா இருந்துச்சு. அதுக்காகத்தான் முட்டிக்கிட்டுப் படிச்சான்."

வாயில் இருந்த கற்கண்டை என்னால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

வீட்டில் அப்பா முகம் முழுக்கச் சிரிப்பாக இருந்தார். ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். நான் அம்மாவைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அம்மா அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. பாதியில் விட்ட செடியில் பூவைப் பறித்து முடித்தாள். பிறகு, "எந்திரி. மொகத்தக் கழுவு. அந்த வீடு எங்கன்னு ஒங்க சார்கிட்ட கேட்டு வா. ஞாயித்துக்கெழம போவோம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பை நிறையக் கத்தரிக்காயும் ஒரு பந்து மல்லியும் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் வேடசந்தூர் பஸ் ஏறினோம். மில்லுக்குப் பின்னால் ஓட்டு வீடு ஒன்றில் இருந்தார்கள். அண்ணன் ஷிப்டிலிருந்து இன்னும் வரவில்லை. அவர் மனைவி எங்களை உட்காரவைத்தார். நான் இன்ஸ்டிடியூட்டில் படித்தவள் என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அந்தப் புள்ளையா நீயி? பாஸாயிருச்சுன்னு அவுக வந்து சொன்னாக. பொம்பளப் புள்ள ஒண்ணு தனியா பஸ் ஏறி வந்து படிச்சு மொத வகுப்பு வாங்கிருக்குன்னு அம்புட்டுச் சந்தோசம் அவுகளுக்கு."

அவர் பின்னால் சுவரில் ஓர் அட்டை சாத்தியிருந்தது. காலண்டர் அட்டையைத் திருப்பி, மெஷின் மாதிரியே நாலு வரிசை வட்டம் போட்டு, ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் இங்கிலீஷ் எழுத்து. வட்டத்தின் மேல் புளியங்கொட்டையைப் பிளந்து ஒட்டியிருந்தார். வீட்டில் மெஷின் இல்லாததால் அண்ணன் அதில்தான் விரல் பழகுவாராம். இடது ஓரத்தில், சுண்டுவிரல் வைக்கும் இடத்தில், 'ஏ' மீது ஒட்டிய புளியங்கொட்டை தேய்ந்து பளபளவென்று இருந்தது. அதைப் பார்த்த பிறகு வேறு எங்கேயும் பார்க்க என்னால் முடியவில்லை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணன் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். நான் எழுந்து நின்று, யோசித்து வைத்திருந்த எதையும் சொல்லாமல், "நான்தாண்ணே மெஷினை மாத்துனேன்" என்றேன்.

"தெரியும் தங்கச்சி" என்றார். துண்டால் தலையில் இருந்த பஞ்சைத் தட்டினார். "மூட்டைய அவுக்கும்போதே தெரியும். என் முடிச்சு இல்ல அது. பூக்கட்டுற கை போட்ட முடிச்சு. நம்ம கூட்டத்துல பூக்கட்டுற ஆளு நீ ஒருத்திதான்."

"அப்ப ஏண்ணே சொல்லல?"

"சொன்னா ஒன்னைய வெளிய அனுப்பிருவாங்க. ஒங்கய்யா ஒரு பரீட்சைன்னு சொன்னது எனக்குத் தெரியும்ல. நீதான் நாளுக்கு நாலு தடவ பொலம்புவியே. பத்து நிமிசந்தான, சமாளிச்சுருவோம்னு பாத்தேன். சமாளிக்க முடியல." சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது. அவர் மனைவி செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். நடந்தது என்னவென்று அந்த அம்மாவுக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது. அது நியாயமான கோபம். ஆனாலும் எனக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

பரீட்சை ஆபீசுக்கே எழுதிப் போட்டு என் பாஸை ரத்து செய்யச் சொல்கிறேன் என்று அழுதேன். "ஒன் பாஸைக் கிழிச்சா எனக்குப் பாஸ் வருமா? கிறுக்கு மாதிரிப் பேசாத. போயி வேலைல சேரு" என்றார் அண்ணன். அம்மா மல்லிப்பூவை எடுத்து அந்த அக்காவிடம் நீட்டினாள். அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் வாங்கினார்.

நான் வேலையில் சேர்ந்தேன். சாரிடமும் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டிய திட்டை இங்கே எழுதமுடியாது. அடுத்த பரீட்சைக்கு அண்ணனுக்குக் குலுக்கல் இல்லாமல் இரண்டாம் நம்பரைக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். "அவனுக்கு ஒரு நியாயம், மத்தவனுக்கு ஒரு நியாயமா? குலுக்கல்னா குலுக்கல்தான்" என்றுவிட்டார். டப்பாவைக் குலுக்கினார். அண்ணனுக்கு வந்த நம்பர் என்ன தெரியுமா? ஐந்து.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணன் அசரவில்லை. மில்லிலிருந்து சின்ன ஸ்பேனர், திருப்புளி எல்லாம் கொண்டுவந்து சாரின் அனுமதியோடு ஐந்தாம் நம்பரைத் திறந்தார். எழுத்துக் கம்பிகள் வந்து உட்காரும் இடுக்குக்குள் சாம்பல் நிறத்தில் என்னவோ அடைந்து கிடந்தது. ஊசியால் நோண்டி எடுத்தார். அழிரப்பர் தூள். தப்பாக அடித்ததை அழிக்கக்கூடாது என்பது சட்டம். சாரிடம் சுத்தமான தாளைக் காட்டவேண்டும் என்று களவாக அழிக்கிறவர்கள் உண்டு. மெக்கானிக் எண்ணெய் விட்டுவிட்டுப் போவார், மறுநாளே புதுத் தூள் விழுந்து எண்ணெயோடு சேர்ந்து பிசினாகிவிடும். ஐந்தாம் நம்பரில் அதிகம் உட்கார்ந்தவள் யார் என்று கேட்காதீர்கள். என் இடது சுண்டுவிரல் அப்போதும் சரியில்லை, இப்போதும் சரியில்லை.

அண்ணன் தூளைக் காட்டினார். நான் தலையைக் குனிந்தேன். அன்றிலிருந்து பரீட்சை வரைக்கும் சனிக்கிழமைதோறும் ஆபீஸ் விட்டதும் நேராக மாடி ஏறி, மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷ்ஷால் அந்த மெஷினின் ஒவ்வொரு இடுக்கையும் நான் துடைத்தேன்.

பரீட்சைக்கு முந்தின சாயந்திரம் மூட்டை கட்டும் நேரம். அண்ணன் வேட்டியைச் சுற்றிவிட்டு, முறுக்கிய நூல் கயிற்றை என்னிடம் நீட்டினார். "நீயே கட்டு தங்கச்சி. ஒன் முடிச்சே போடு. அவுக்கவும் சுளுவா இருக்கு." பூச்சரத்துக்குப் போடும் முடிச்சையே போட்டுக் கட்டினேன்.

மறுநாள் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு வண்டிக்குப் பின்னால் நானும் நடந்தேன். மேடுபள்ளத்தில் இந்தப் பக்கம் அவர் பிடித்தார், அந்தப் பக்கம் நான் பிடித்தேன். ஹாலுக்கு வெளியே அதே வேப்பமரத்தடியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டேன். மணி அடித்தது. அத்தனை மெஷின் சத்தத்துக்குள்ளும் ஐந்தாம் நம்பரைத் தேடினேன். கிடைக்கவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. அது எங்கேயும் நிற்காமல் மற்ற மெஷின்களோடு சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பள்ளிக்கூட வாட்ச்மேன் நான்தான் பெயிலாகிவிட்டேன் என்று நினைத்து, அடுத்த தடவை பாத்துக்கலாம் பாப்பா என்று ஆறுதல் சொன்னார்.

அண்ணன் பாஸ். அந்த டைப்பிஸ்ட் இடம் அதற்குள் வேறு ஒருவருக்குப் போயிருந்தது. மில் கேட் ஆபீசில், வெளியே போகும் சரக்குக்குச் சீட்டு அடிக்கும் வேலை கொடுத்தார்கள். பஞ்சுத் தூசி இல்லாத இடம். இருமல் முழுக்கப் போகவில்லை, குறைந்தது. அந்த அரை வருஷம் அவர் கூடுதலாக விழுங்கிய தூசி என் கணக்கில்தான் இருக்கிறது. அதை எந்தப் பிரஷ்ஷாலும் என்னால் துடைக்க முடியவில்லை.

இப்போது என் தம்பி பேத்தி கம்ப்யூட்டரில் பரீட்சை எழுதிவிட்டு வந்து, எனக்கு வந்த சிஸ்டம் சரியில்லை, மவுஸ் மக்கர், இதெல்லாம் ஒரு பரீட்சையா என்று புலம்புகிறாள். எனக்குச் சிரிப்பு வரும், கொஞ்சம் வலிக்கவும் செய்யும். மெஷினுக்கு ஆள் தெரியாது என்று அந்த அண்ணன் நம்பினாரே, அது சரிதான். ஆனால் என்னை அவருக்குத் தெரிந்தது. தெரிந்தும் கை தூக்காமல் திரும்பிக் காகிதத்தை மாட்டினார். வேலை பார்த்த காலம் முழுக்கவும், இன்றைக்கு வாசலில் உட்கார்ந்து பூக்கட்டும்போதும், ஒவ்வொரு முடிச்சு விழும்போதும் அவர் கட்டைவிரல் அதைத் தடவிப் பார்ப்பது போலவே எனக்கு இருக்கிறது.